கேபிளுக்குப் பயப்படாதீங்க, நூலைப் பாருங்க!

கைப்பின்னல் பற்றி வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலானவை கேபிளிலேயே, அதாவது கண்ணிகளை ஒன்றையொன்று தாண்டவைத்து வடம் போல முறுக்கும் பின்னலிலேயே, வந்து நிற்கின்றன. மஃப்ளர் முடித்தாச்சு, குல்லா முடித்தாச்சு, அடுத்து முறுக்கு முறுக்காக வடம் ஓடுகிற அந்த கார்டிகன்தான் என்று பலருக்கும் ஆசை. சரி, இந்த முறை முழுக்க அதையே எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: அக்கா, என்னிடம் கருநீலத்தில் ரொம்ப மென்மையான, முடி முடியாக எழும்பி நிற்கும் மொஹேர் கலந்த நூல் நிறைய இருக்கிறது. அதிலேயே முதல் கேபிள் கார்டிகனை ஆரம்பிக்கலாமா?

வேண்டாம். அந்த நூலை எடுத்து வைத்துவிடுங்கள், சாதாரண நேர்ப்பின்னலில் ஒரு சால்வைக்கு அருமையாக இருக்கும். கேபிள் கண்ணுக்குத் தெரிவதே நிழலால்தான். மேலே ஏறிவரும் வடத்துக்குப் பக்கத்தில் பர்ல் கண்ணிகள் (முன்பக்கம் முடிச்சு போலத் தெரிபவை) பள்ளமாக உட்கார்ந்து நிழல் விழ வேண்டும். முடி எழும்பிய நூல் அந்தப் பள்ளத்தை மூடிவிடும், கருநீலம் மிச்சம் இருக்கிற நிழலையும் விழுங்கிவிடும். கஷ்டப்பட்டு முறுக்கியதெல்லாம் ஒரு கையெட்டுத் தூரத்திலேயே காணாமல் போய்விடும். பல நிறம் மாறி மாறி வரும் நூலுக்கும் இதே கதிதான், கண் நிறத்தின் பின்னால் ஓடுமே தவிர வடத்தைப் பார்க்காது.

கேபிளுக்கு வேண்டியது வழுவழுப்பான, உருண்டையான, நன்றாக முறுக்கேறிய நூல். கடையில் ஒரு நுனியைப் பிடித்து முறுக்கை எதிர்ப்பக்கமாகப் பிரித்துப் பாருங்கள். மூன்று நான்கு இழை தனித்தனியாகப் பிரிந்து வந்தால் அந்த நூல் உருண்டையாக நிற்கும், வடம் எழும்பித் தெரியும். ஒரே இழையாக, பஞ்சு மாதிரி பிய்ந்து வந்தால் பின்னல் தட்டையாகப் படியும், உரசுகிற இடத்தில் சீக்கிரம் உருண்டை உருண்டையாகத் திரளவும் செய்யும். நிறம் வெளிராகவோ நடுத்தரமாகவோ இருக்கட்டும். கிரீம், சாம்பல், வெளிர் பச்சை, இளஞ்சிவப்பு எல்லாம் நல்லதுதான். கறுப்பில்தான் போடுவேன் என்று அடம்பிடிப்பவர்கள் இரண்டாவது கார்டிகனில் அடம்பிடிக்கலாம்.

கேள்வி: கம்பளி எனக்கு அரிக்கிறது. பருத்தியிலோ அக்ரிலிக்கிலோ போட்டால் கேபிள் வராதா?

வரும். ஆனால் இரண்டுக்கும் குணம் வேறு. கேபிள் போடும்போது ஒரு கண்ணி இன்னொன்றைத் தாண்டி இழுபடுகிறது. கம்பளி கொஞ்சம் நீண்டு கொடுத்துவிட்டு மறுபடி சுருங்கி உட்காரும். பருத்திக்கு அந்த வளைந்துகொடுக்கும் தன்மை கிடையாது, விரல் வலிக்கும், வடத்தின் ஓரத்தில் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். எடையும் அதிகம். முழுக்கை கார்டிகன் முழுக்கப் பருத்தியில் போட்டால் அதன் சொந்தப் பாரத்திலேயே கீழே இறங்கிக்கொண்டே போகும், போடும்போது இடுப்பு வரை இருந்தது நாளாக நாளாகத் தொடைக்கு வரும். பருத்திதான் வேண்டுமென்றால் பாதி கம்பளியோ அக்ரிலிக்கோ கலந்ததாக எடுங்கள்.

அக்ரிலிக் லேசானது, துவைக்க எளிது, பழகுவதற்குத் தாராளமாக எடுக்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை, அதன் மேல் இஸ்திரிப் பெட்டி படவே கூடாது. சூடு பட்டால் இழை தளர்ந்து துவண்டுவிடும், எழும்பி நின்ற கேபிள் அப்படியே சப்பென்று படிந்துவிடும், அதற்கப்புறம் எதுவும் செய்ய முடியாது.

கம்பளி அரிக்கிறது என்பவர்கள் எல்லோருக்கும் எல்லாக் கம்பளியும் அரிப்பதில்லை. இழை தடிமனாக இருந்தால்தான் நுனி தோலில் குத்தும், மெரினோ என்ற ஆட்டுக் கம்பளியின் இழை ரொம்ப மெல்லியது. நூல்கண்டைக் கையில் தடவிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கழுத்தோரம் சட்டைக்குள் கொஞ்ச நேரம் செருகி வைத்துப் பாருங்கள். அங்கே சும்மா இருந்தால் எங்கேயும் சும்மா இருக்கும். மெஷினில் துவைக்கலாம் என்று பதப்படுத்திய சூப்பர்வாஷ் கம்பளி வாங்கினால், முதல் துவைப்பில் அது நீண்டு பெரிதாகலாம், அளவு பார்க்க முதலில் பின்னும் மாதிரித் துண்டைத் துவைத்துக் காயவைத்த பிறகே அளக்கவும்.

கேள்வி: பேட்டர்னில் 8 பிளை நூல், 8ஆம் நம்பர் ஊசி என்று இருக்கிறது. என் தோழியின் பேட்டர்னிலும் 8ஆம் நம்பர்தான், ஆனால் அவள் ஊசி என்னுடையதைவிடத் தடிமனாக இருக்கிறதே?

ரெண்டு பேர் ஊசியும் சரிதான். பழைய பிரிட்டிஷ் கணக்கில் 8ஆம் நம்பர் என்றால் 4 மி.மீ., அமெரிக்கக் கணக்கில் 8 என்றால் 5 மி.மீ. அதோடு பிரிட்டிஷ் எண் ஏற ஏற ஊசி மெலியும், அமெரிக்க எண் ஏற ஏற ஊசி தடிக்கும். இந்தக் குழப்பத்தில் மாட்டாமல் இருக்க ஒரே வழி, நம்பரை மறந்துவிட்டு மில்லிமீட்டரை மட்டும் பார்ப்பது.

பிளை விஷயமும் அப்படித்தான். 8 பிளை என்பது பெரும்பாலும் டிகே எனப்படும் நடுத்தரத் தடிமனைக் குறிக்கும் பெயர், அதற்குள் எட்டு இழை இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. லேபிளில் 100 கிராமுக்கு எத்தனை மீட்டர் என்று இருக்கும், அதுதான் நம்பகமானது. கம்பளி டிகே 100 கிராமுக்கு 200 முதல் 250 மீட்டர் வரை ஓடும். அதைவிடத் தடித்த ஆரன் தடிமன் என்றால் 160 முதல் 180 வரை. பருத்தி இதைவிடக் குறைவாகவும் அக்ரிலிக் அதிகமாகவும் வரலாம். முதல் கார்டிகனுக்கு டிகே எடுங்கள் என்பேன். ஆரனில் வேலை சீக்கிரம் முடியும், கேபிளும் கம்பீரமாகத் தெரியும், ஆனால் உடம்பு முழுக்க வடம் ஓடினால் போட்டுக்கொள்பவருக்குப் போர்வை போர்த்தியது போல் இருக்கும்.

எவ்வளவு வாங்குவது? நடுத்தர அளவில் முழுக்கை கார்டிகனுக்கு டிகே நூல் சுமார் 1,100 முதல் 1,300 மீட்டர் பிடிக்கும். அது கேபிள் இல்லாமல். முழுக்கக் கேபிள் என்றால் அதன் மேல் கால் பங்கு கூட்டிக்கொள்ளுங்கள், முறுக்கு நூலைத் தின்னும். எல்லாவற்றையும் ஒரே தடவையில், ஒரே சாய எண்ணில் (ஒரே தடவையில் சாயம் போட்ட நூலுக்குத் தரும் எண்) வாங்கிவிட வேண்டும். லேபிளில் நிற எண்ணுக்குப் பக்கத்தில் அது இருக்கும். நிறம் ஒன்றாக இருந்து சாய எண் வேறாக இருந்தால், கடையில் தெரியாத வித்தியாசம் முதுகில் கோடு போட்ட மாதிரி தெரியும். வேறு வழியே இல்லையென்றால் இரண்டு கண்டையும் இரண்டிரண்டு வரிசையாக மாற்றி மாற்றிப் பின்னிக் கலந்துவிடுங்கள்.

கேள்வி: நிட், பர்ல் ரெண்டும் நன்றாக வரும். கேபிள் பேட்டர்ன் படத்தைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

கார்டிகனில் ஆரம்பிக்காதீர்கள். 18 கண்ணி போட்டு ஒரு சின்னத் துண்டு பின்னுங்கள். நேர்ப்பக்கம் 6 பர்ல், 6 நிட், 6 பர்ல். பின்பக்கம் 6 நிட், 6 பர்ல், 6 நிட். இப்படி நான்கு வரிசை போனால் நடுவில் ஆறு கண்ணி அகலத்தில் ஒரு பட்டை மேலெழும்பி நிற்கும். அந்தப் பட்டைதான் வடமாகப் போகிறது.

ஐந்தாவது வரிசை, நேர்ப்பக்கம். 6 பர்ல் போடுங்கள். அடுத்த 3 கண்ணியைப் பின்னாமல் அப்படியே கேபிள் ஊசிக்கு (கண்ணிகளைத் தற்காலிகமாகத் தாங்கும் சின்ன ஊசி) மாற்றி, துணிக்கு முன்னால் தொங்கவிடுங்கள். இடது ஊசியில் இருக்கும் அடுத்த 3 கண்ணியை நிட் போடுங்கள். அப்புறம் தொங்குகிற 3 கண்ணியை, திருகிக்கொள்ளாமல் பார்த்து, கேபிள் ஊசியிலிருந்தே நிட் போடுங்கள். மிச்சம் 6 பர்ல். அவ்வளவுதான், கேபிள் போட்டாச்சு! ஆறாவது வரிசை வழக்கம்போல் பின்பக்கம். இந்த ஆறு வரிசையைத் திரும்பத் திரும்பப் போட்டால் வடம் ஓட ஆரம்பித்துவிடும். படத்தில் எவ்வளவு பயமுறுத்தினாலும் எல்லாக் கேபிளும் இந்த ஒரே வேலைதான், கண்ணிகள் தங்களுக்குள் இடம் மாறிக்கொள்கின்றன.

கேபிள் ஊசி முன்னால் நின்றால் வடம் இடப்பக்கம் சாயும், பின்னால் நின்றால் வலப்பக்கம். கார்டிகனின் இரண்டு முன்பக்கத்திலும் எதிரெதிராகச் சாய்த்தால் அழகு. கேபிள் ஊசி வேலை செய்கிற ஊசியைவிடக் கொஞ்சம் மெல்லியதாக இருக்கட்டும், இல்லையென்றால் கண்ணி அகண்டுவிடும். தனியாக வாங்காதவர்கள் இருமுனை ஊசியோ, ஏன், ஒரு ஹேர்பின்னோகூட வைத்துச் சமாளிக்கலாம். நழுவுகிறது என்று புலம்புபவர்களுக்கு வளைந்த கேபிள் ஊசி நல்லது.

ஒன்றைக் கவனித்துப் பாருங்கள், வடத்தின் இடது ஓரத்துக் கடைசி நிட் கண்ணி மட்டும் எப்போதும் தொளதொளவென்று பெரிதாக இருக்கும். கைப்பிசகு இல்லை அது. நிட்டிலிருந்து பர்லுக்குப் போகும்போது நூல் பின்னாலிருந்து முன்னால் வர வேண்டியிருப்பதால் அங்கே கொஞ்சம் நூல் கூடுதலாகச் சேர்ந்துவிடுகிறது. அடுத்த முதல் பர்லை இழுத்துப் போட்டாலே பாதி சரியாகும். அப்போதும் தெரிந்தால் அந்த ஒரு பர்லுக்கு மட்டும் நூலை ஊசியின் மேல் வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றுங்கள், நூல் குறைவாகப் பிடிக்கும். அந்தக் கண்ணி ஊசியில் திரும்பி உட்கார்ந்திருக்கும், ஆகவே பின்பக்க வரிசையில் அதை மட்டும் பின்கால் (கண்ணியில் ஊசிக்குப் பின்னால் இருக்கும் பாதி) வழியாக நிட் போட வேண்டும்.

கேள்வி: கேபிள் போட்டு எத்தனை வரிசை ஆயிற்று என்று எண்ணத் தெரியவில்லை.

முறுக்கும் வரிசையில் பூட்டு மார்க்கர் (ஊக்கு போலத் திறந்து மூடும் அடையாள வளையம்) ஒன்றைக் கண்ணியிலேயே மாட்டிவிடுங்கள், அங்கிருந்து எண்ணினால் போதும். மார்க்கர் இல்லையென்றால் வடத்தின் ஓரத்தை விரலால் லேசாக விலக்கிப் பாருங்கள், கண்ணிகள் தாண்டிய இடத்தில் ஒரு சின்ன ஓட்டை தெரியும். அதற்கு மேல் ஏணிப்படி போலக் குறுக்கே ஓடும் நூல்களை எண்ணுங்கள்.

கேள்வி: முதுகுப் பக்கம் பாதி முடிந்துவிட்டது. கீழே ஒரு கேபிள் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பியிருப்பதை இப்போதுதான் பார்த்தேன். எல்லாவற்றையும் பிரிக்க வேண்டுமா?

பிரிக்கவே வேண்டாம். அந்த வடத்துக்கு நேர் மேலே இருக்கும் ஆறு கண்ணியை மட்டும் ஊசியிலிருந்து கழற்றி, பிழையான இடம் வரைக்கும் கீழே இறக்குங்கள். மற்ற கண்ணிகள் ஊசியிலேயே பத்திரமாக இருக்கும். இறங்கிய இடத்தில் குறுக்கே தளர்ந்த நூல்கள் வரிசையாகத் தொங்கும், அவற்றைக் கலைத்துவிடாதீர்கள். கண்ணிகளைச் சரியான பக்கம் தாண்டவைத்து, தொங்கும் ஒவ்வொரு நூலையும் அதன் முறைப்படி எடுத்து, இரண்டு இருமுனை ஊசியால் மறுபடி மேலே பின்னிக்கொண்டு வாருங்கள். நடுவில் வருகிற முறுக்குகளையும் அதே வரிசைகளில் திரும்பப் போட வேண்டும். முடித்ததும் கொஞ்சம் கோணல்மாணலாகத் தெரியும், துவைத்தால் சமமாகிவிடும். கம்பளி என்றால் இது சுலபம், ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்கும். வழுக்குகிற நூல் என்றால் ஆறு கண்ணிக்குக் கீழே ஒரு ஊக்கை மாட்டி வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

பிழை அக்குளுக்குப் பக்கத்தில் இருந்தால் நானாக இருந்தால் விட்டுவிடுவேன்.

கேள்வி: மாதிரித் துண்டு பேட்டர்னோடு சரியாகப் பொருந்தியது. ஆனால் கார்டிகன் முன்பக்கம் குறுகலாக வருகிறது. ஏன்?

மாதிரியை வடம் எதுவும் முறுக்காமல் வெறும் நேர்ப்பின்னலில் போட்டிருப்பீர்கள். டிகே நூலில் நேர்ப்பின்னல் 10 செ.மீ.க்கு 22 கண்ணி வந்தால், அதே 22 கண்ணி கேபிள் பகுதியில் 10 செ.மீ. வரவே வராது, வடம் துணியைக் குறுக்காக உள்ளே இழுக்கும். எவ்வளவு இழுக்கும் என்பது வடத்தையும் உங்கள் கையையும் பொறுத்தது, ஆகவே எந்தக் கேபிளைப் போடப்போகிறீர்களோ அதையே மாதிரியில் போட்டுத் துவைத்துக் காயவைத்து அளப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. 10 செ.மீ. சதுரம் போதாது, 15 செ.மீ.யாவது பின்னுங்கள்.

இதே காரணத்தால்தான் நல்ல பேட்டர்ன்களில் அடிப்பக்க ரிப் (நிட், பர்ல் மாறி மாறி வரும் பட்டை) முடிந்ததும் ஒவ்வொரு வடத்துக்கும் கீழே ஒன்றிரண்டு கண்ணி கூட்டச் சொல்வார்கள், தோளில் முடிக்கும்போது அதைக் குறைக்கச் சொல்வார்கள். அதைக் கண்டுகொள்ளாமல் போனால் ரிப் மணி போல விரிந்து நிற்கும். உங்களுக்கு இப்போது குறைவது மூன்று நான்கு செ.மீ. என்றால் பொத்தான்பட்டியை அகலமாகப் போட்டுச் சமாளிக்கலாம். அதற்கு மேல் என்றால் பிரித்துவிடுங்கள், மனசு கேட்காதுதான்.

கேள்வி: ஐரிஷ் மீனவக் குடும்பங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கேபிள் டிசைன் உண்டாமே, கடலில் இறந்தவரை ஸ்வெட்டரை வைத்து அடையாளம் காண்பார்களாமே?

கேட்க நன்றாக இருக்கும் கதை, ஆதாரம் கிடையாது. அயர்லாந்தின் மேற்கே ஆரன் தீவுகளிலிருந்து வந்த, நாம் இன்று பார்க்கும் அந்த வகை ஸ்வெட்டர் 20ஆம் நூற்றாண்டில் உருவானது. அங்குள்ள பெண்கள் வருமானத்துக்காகப் பின்னி விற்றது அது. குடும்ப டிசைன் கதை விற்பனைக்கு நன்றாக உதவியது. உங்களுக்குப் பிடித்த வடத்தைத் தாராளமாகப் போடலாம், எந்தக் குடும்பமும் சண்டைக்கு வராது.

கேள்வி: பொத்தான்பட்டி அலை அலையாக நெளிகிறது.

ஓரத்தில் நிறையக் கண்ணி எடுத்துவிட்டீர்கள். வரிசைக்கு ஒன்று என்று எடுக்காமல், நான்கு வரிசைக்கு மூன்று கண்ணி என்ற கணக்கில் எடுத்து, உடம்புக்குப் பயன்படுத்தியதைவிட ஒரு அளவு மெல்லிய ஊசியில் ரிப் போடுங்கள். மாறாகப் பட்டி துணியைச் சுருக்கி இழுத்தால் கண்ணி குறைவு என்று அர்த்தம். பொத்தான் துளை வரும் பக்கத்துப் பட்டியை முதலில் போட்டுவிடாதீர்கள், பொத்தான் தைக்கும் பக்கத்தை முடித்து, அதில் ஊக்கு குத்தி இடைவெளியைக் குறித்துக்கொண்டு, அதைப் பார்த்து எதிர்ப்பட்டியில் துளை விடுங்கள். சின்னப் பொத்தானுக்கு நூலை ஒரு தடவை ஊசியில் சுற்றி, அடுத்த இரண்டு கண்ணியைச் சேர்த்து நிட் போட்டால் வரும் துளையே போதும். கேபிள் கார்டிகன் கனமானது என்பதால் பொத்தானைத் தைக்கும்போது துணிக்கு உள்பக்கம் ஒரு சின்னத் தட்டைப் பொத்தானையும் சேர்த்துத் தையுங்கள், கண்ணி இழுபடாது.