பத்து நிமிஷம்தான் சார்

தம்பி, டல்லாஸ் பக்கத்துப் பிளேனோவுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது என்று சொல்லி மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். எந்த ஏரியாவில் வீடு எடுப்பது, கார் இன்சூரன்ஸ் எவ்வளவு ஆகும், கடையில் செல்ஃப் செக்அவுட்டில் 38 டாலர் பொருளை ஸ்கேன் செய்யாமல் வந்து திருட்டு கேஸில் டிக்கெட் (கோர்ட்டுக்கு வரச்சொல்லும் போலீஸ் சீட்டு) வாங்கிய ரூம்மேட் ‘மறந்துவிட்டேன்’ என்றால் டெக்சாஸ் கோர்ட் ஏற்குமா. முதல் இரண்டையும் ஆபீஸில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மூன்றாவதைப் படித்ததும் எனக்கு 2006 ஜனவரி ஞாபகம் வந்துவிட்டது.

நான் வந்து பதினோரு மாதம். டல்லாஸ் பக்கம் ஒரு இந்தியக் கடை வாசல். பின் சீட்டில் நாலு வயது மகள் தூங்குகிறாள், எழுப்பினால் ஊரைக் கூட்டிவிடுவாள். கறிவேப்பிலையும் தயிரும்தானே என்று காரைப் பூட்டிவிட்டு உள்ளே போனேன். திரும்பி வந்தால் காருக்குப் பக்கத்தில் போலீஸ். ஊர்ப் பழக்கத்தில் பதறி, கேட்கும் முன்பே ‘பத்து நிமிஷம்தான் சார்’ என்று இங்கிலீஷில் சொன்னேன். நமக்குப் பத்து நிமிஷம் என்றால் சித்த நேரம், அவ்வளவுதான். அவர் பத்து என்றே எழுதிக்கொண்டார்.

இங்கே ஏழு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையை, 14 வயதாவது ஆன ஒருவர் கூட இல்லாமல், ஐந்து நிமிடத்துக்கு மேல் காரில் விட்டால் குற்றம். கிளாஸ் சி மிஸ்டிமீனர், அதாவது கடைசிப் படியில் இருக்கும் சிறு குற்றம், 500 டாலர் வரை அபராதம். ஜனவரி மாதம், வெயில்கூட இல்லையே என்று வக்கீலிடம் புலம்பினேன். சட்டத்தில் வெயிலைப் பற்றி எதுவும் இல்லை என்றார். இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது என்றேன். அடுத்தவர் குடையை நம்முடையது என்று நினைத்து எடுத்து வந்தால் அது வாதம், சட்டம் தெரியாது என்பது பெரும்பாலும் வாதமே இல்லை என்றார். அப்புறம் சொன்னதுதான் இன்னும் உறைக்கிறது: ‘ஐந்து நிமிடம் தாண்டியதை நிரூபிக்க வேண்டியது அரசு. போலீஸ்காரர் வந்து நின்றதே ஒரு நிமிடம். மிச்சத்துக்கு அவர்களிடம் இருக்கும் சாட்சி நீங்கள்தான்.’

தற்காப்பு, அந்த நேரத்தில் நான் அங்கே இல்லை, போலீஸே தூண்டிவிட்டது, மிரட்டலுக்குப் பயந்து செய்தேன், மனநிலை சரியில்லை என்று வாதங்கள் நிறைய உண்டு. டெக்சாஸ் தண்டனைச் சட்டத்தில் 8, 9ஆம் அத்தியாயங்களைப் புரட்டினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். (தானாகக் குடித்த போதை அதில் சேராது, வார இறுதிப் பார்ட்டிக்காரர்கள் கவனிக்க.) ஆனால் நம் ஆட்கள் வாதம் தொடங்கும் முன்பே வாயால் கெடுத்துக்கொள்கிறோம்.

உங்கள் ரூம்மேட்டுக்கு வருவோம். திருட்டு என்றால் பணம் கொடுக்காமல் கொண்டுபோகும் எண்ணம் இருந்தது என்று அரசு காட்ட வேண்டும். அதனால் ‘மறந்துவிட்டேன்’ நல்ல வாதம்தான். ஆனால் கடையின் செக்யூரிட்டி அறையில் ‘ஸாரி, தப்புப் பண்ணிட்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாரா? அதை முதலில் கேளுங்கள். 100 டாலருக்குக் கீழ் என்பதால் இதுவும் கிளாஸ் சிதான். 100 டாலரைத் தொட்டிருந்தால் அதற்கு மேல்படியான கிளாஸ் பி ஆகி, 180 நாள் வரை ஜெயில் என்ற கணக்குக்குப் போயிருக்கும்.

‘ஆன்லைன்ல ஃபைனைக் கட்டிட்டு வேலையைப் பாருப்பா’ என்று ஒரு சீனியர் கண்டிப்பாகச் சொல்லியிருப்பார். வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு வக்கீல் இப்படி இருக்கிறார், கோர்ட் வாசலை மிதித்திருக்க மாட்டார். அபராதத்தைக் கட்டினால் வழக்கை எதிர்க்கவில்லை என்று பதிவாகும், திருட்டுத் தண்டனை பெயரில் ஏறும். எச்1பி வேலை விசாவில் இருப்பவருக்குத் தொகை 38 டாலரா என்பதைவிட ‘திருட்டு’ என்ற சொல்தான் வினை. குற்றத்தை ஒப்புக்கொண்டு கொஞ்ச காலம் ஒழுங்காக இருந்தால் தண்டனையே இல்லை என்று மாநிலக் கோர்ட் ஆசைகாட்டும். மாநிலம் அதைத் தண்டனை இல்லை என்று சொன்னாலும் குடிவரவுச் சட்டம் தண்டனை என்றே எண்ணலாம். நாடுகடத்தும் ஆபத்து உண்டா என்று வக்கீல் சொல்லியாக வேண்டும் என 2010-இல் பாடிலா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் குடிவரவும் தெரிந்த வக்கீலாகப் பாருங்கள்.

வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். ஹூஸ்டன் கொலை வழக்கு ஒன்றில், கைதாகும் முன் ஒருவர் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாமல் இருந்ததையே அவருக்கு எதிராகச் சொன்னார்கள். 2013-இல் உச்ச நீதிமன்றமும் அதைத் தடுக்கவில்லை. ‘பேச விரும்பவில்லை, வக்கீல் வேண்டும்’ என்று மரியாதையாக வாய்திறந்து சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று. புருஷன் பொண்டாட்டி சண்டையில் யாராவது 911 என்ற அவசர எண்ணில் போலீஸைக் கூப்பிட்டுவிட்டு, மறுநாள் ‘சமாதானமாயிட்டோம், கேஸை வாபஸ் வாங்கறேன்’ என்பார்கள். வழக்குப் போட்டது டெக்சாஸ் அரசு, மனைவி இல்லை. அவர் வாபஸ் வாங்க அதில் ஒன்றும் கிடையாது.

என் கேஸ் மூன்று வாய்தா போனது. விசாரணை நாளில் போலீஸ்காரர் வரவில்லை, தள்ளுபடி. வக்கீல் ஃபீஸ் அபராதத்தைவிட அதிகம், வீட்டில் இன்றுவரை குத்திக்காட்டுகிறார்கள். தள்ளுபடியான கேஸ்தானே என்று விடவும் முடியவில்லை, குடியுரிமை விண்ணப்பத்தில் அதையும் எழுதி, கோர்ட் பேப்பரை வைத்தேன். அன்று தூங்கிய பெண் இப்போது கார் ஓட்டுகிறாள். கடைக்குப் போனால் ‘அப்பா, அஞ்சு நிமிஷத்துக்கு மேல உங்களைத் தனியா விடலாமா?’ என்று கேட்டுவிட்டுத்தான் இறங்குவாள்.

சரி, ரூம்மேட்டின் டிக்கெட்டில் கோர்ட் தேதி என்ன போட்டிருக்கிறது? அதைப் பார்த்துச் சொல்லுங்கள். அதுவரை பணம் கட்ட வேண்டாம்.