அரிசி மாதிரி விழுந்தால் புழு செத்துவிட்டதா?

கேள்வி: கல்லல் பக்கம் 24 வெள்ளாடுகள் வைத்திருக்கிறேன். ஐப்பசி மழைக்குப் பிறகு குப்பைமேனியும் வேப்பிலையும் அரைத்து ஐந்து ஆடுகளுக்கு ஊற்றினேன். மறுநாள் புழுக்கையோடு அரிசி மாதிரி வெள்ளையாக விழுந்தது. இதை ஆய்வகத்தில் சோதித்து, சான்றிதழும் காப்புரிமையும் வாங்கித் தருவதாக காரைக்குடியில் ஒருவர் 40,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். மருந்தைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் அந்த அரிசியைப் பார்ப்போம்.

அது நாடாப்புழுவின் உடல் துண்டு. மருந்து ஊற்றினாலும் ஊற்றாவிட்டாலும் விழும். முந்தின நாளும் விழுந்திருக்கும், நீங்கள் குனிந்து பார்த்திருக்க மாட்டீர்கள். நாடாப்புழுவால் ஆடு சாவது அபூர்வம். மழை முடிந்த கையோடு ஆட்டைச் சாய்ப்பது ஹீமாங்கஸ் என்கிற புழு. மயிர் கனம், விரல்கட்டை நீளம். நான்காம் வயிற்றில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும். ஒரு பெண் புழு நாளைக்கு 5,000 முட்டைக்கு மேல் இடும். ஆனால் புழுக்கையில் உங்கள் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. மைக்ராஸ்கோப்பில் முட்டையைத்தான் எண்ண வேண்டும். ஆக, நீங்கள் பார்த்த அரிசியை வைத்து உங்கள் மருந்து வேலை செய்தது என்றும் சொல்ல முடியாது, செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது.

அந்த ஆள் தரப்போகும் சான்றிதழ் எப்படி வரும் தெரியுமா? கண்ணாடிக் கிண்ணத்தில் புழுவைப் போட்டு, மேலே சாற்றை ஊற்றுவார்கள். கெட்டியான கரைசலில் ஏறக்குறைய எதை ஊற்றினாலும் புழு சாகும். ‘நூற்றுக்கு நூறு’ என்று தாளில் அடித்துக் கொடுப்பார்கள். ஒரு கணக்குப் போடுங்கள். கிண்ணத்தில் ஒரு மில்லிக்கு 25 மில்லிகிராம் சாறு தேவைப்பட்டது என்று வைப்போம். ஆட்டின் பெருவயிற்றில் 5 லிட்டர் இருந்தால் 125 கிராம் சாறு வேண்டும். ஒரு கிலோ காய்ந்த இலையில் 100 கிராம் சாறு கிடைத்தால், ஒரே ஆட்டுக்கு ஒன்றேகால் கிலோ காய்ந்த இலை! அதுவும் வயிற்றில் நொதித்து, உருமாறி, மிச்சம்தான் புழுவைப் போய்ச் சேரும். இந்தக் கிண்ணச் சோதனையை வைத்து வருஷா வருஷம் ஆய்வேடுகள் வருகின்றன, எல்லாம் ‘மேலும் ஆய்வு தேவை’ என்று முடிகின்றன. அந்த மேலும் ஆய்வை ஆட்டுப்பட்டிக்குக் கொண்டுவர ஆளும் இல்லை, பணமும் இல்லை. எனக்கு இது ஆறாத கோபம்.

காப்புரிமை என்பது இன்னும் பெரிய பொய். வழிவழியாக வந்த அறிவுக்கு நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(p) பிரிவில் காப்புரிமை கிடையாது. அமெரிக்காவில் மஞ்சளுக்குக் கொடுத்ததையே 1997-ல் ரத்து செய்ய வைத்தோம். சரி, சான்றிதழைக் காட்டி விற்கலாமா? விற்பதற்குத் தனி உற்பத்தி உரிமம் வேண்டும். சோதனைத் தாள் உரிமம் ஆகாது.

சாறு வேலை செய்கிறதா என்று உங்களுக்கே தெரிய வேண்டுமானால், ஆடுகளை வயதும் எடையும் ஒத்து வரும்படி 12, 12 ஆகப் பிரியுங்கள். மேய்ச்சல் எல்லாவற்றுக்கும் ஒரே இடம். ஒரு பாதிக்கு மட்டும் சாறு. ஊற்றும் நாளிலும் 12 முதல் 14 நாள் கழித்தும் எல்லா ஆட்டுக்கும் முட்டை எண்ண வேண்டும். சாறு குடித்தவற்றில் ஒரு கிராம் புழுக்கைக்கு 1,000 முட்டை 400 ஆகிறது, குடிக்காதவற்றில் 1,000 தானாகவே 500 ஆகிறது என்றால், உங்கள் சாறு செய்த வேலை சொற்பம். குடிக்காத பாதி இல்லாமல் எந்தச் சோதனையும் சோதனை இல்லை. இரத்தம் குறைந்து கண் இமையின் உள்பக்கம் வெளுத்த ஆடும், தாடை வீங்கிய ஆடும் இந்தக் கணக்கில் வரக்கூடாது. அவற்றுக்கு அன்றைக்கே மருத்துவரிடம் கேட்டு, எடை பார்த்துப் புழு மருந்து ஊற்றுங்கள்.

ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்: ‘வீரியம்’ கூட்ட ஆடுதீண்டாப்பாளையைச் சேர்க்கச் சொன்னால் சேர்க்காதீர்கள். புழுவுக்கு அது பழைய மருந்துதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் உள்ள அரிஸ்டலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் உண்டாக்கும். 1990-களில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மூலிகை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் போனது இதே குடும்பச் செடியால். கொஞ்சம் சேர்த்தால் பரவாயில்லை, காய வைத்தால் விஷம் போய்விடும், ஆட்டுக்குத்தானே என்பார்கள். மூன்றையும் நம்பாதீர்கள். ஆடே தீண்டாத செடி என்று பேரிலேயே இருக்கிறது.

புழுக்கையைத் தரையில் பொறுக்க வேண்டாம். காலையில் மேய்ச்சலுக்கு அவிழ்க்குமுன் கையுறை போட்டு ஆசனவாயிலிருந்தே எடுத்து, ஆட்டு எண் எழுதிய பையில் காற்றுப் புகாமல் கட்டி, குளிர்ச்சியாக வைத்து அன்றைக்கே கால்நடை மருந்தகத்தில் கொடுங்கள். உறைய விடக்கூடாது. வெயிலில் ஒரு நாள் கிடந்தால் முட்டை பொரிந்துவிடும், எண்ணிக்கை குறைவாக வரும், அதையும் மூலிகையின் வெற்றி என்று யாராவது விற்றுவிடுவார்கள்.