ஸ்ட்ரைக் அடித்துவிட்டுப் பணம் கேட்கிறார்கள்!
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் பக்கத்துத் தெருக்கூத்துகளை விடிய விடியப் பதிவு செய்து யூடியூபில் போடுகிறேன். அடுத்தவர் உரிமையை மீறியதாக ஒரே வாரத்தில் இரண்டு காப்பிரைட் ஸ்ட்ரைக் விழுந்தது. புகார் கொடுத்தவர் பெயர் கேள்விப்படாத பெயர். இப்போது வாட்ஸ்அப்பில் ஒருவன், ‘ஐயாயிரம் அனுப்பு, இல்லாவிட்டால் மூன்றாவதும் விழும்’ என்கிறான். அந்த வீடியோக்களை அழித்துவிடலாமா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: அழிக்காதீர்கள். பணமும் அனுப்பாதீர்கள். வீடியோவை நீங்களே நீக்கினாலும் ஸ்ட்ரைக் அப்படியேதான் நிற்கும். பணம் கொடுத்தால் அடுத்த மாதம் வேறு பெயரில் வருவான்.

90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் சேர்ந்தால் சேனல் போகும், அதோடு இணைந்த மற்ற சேனல்களும் போகும். அந்தப் பயத்தை வைத்துத்தான் அவன் பிழைக்கிறான். 1998-இல் வந்த அமெரிக்கக் காப்புரிமைச் சட்டப்படி, முறையான புகார் வந்ததும் வீடியோவை எடுத்துவிட்டால்தான் தளத்துக்குச் சட்டப் பாதுகாப்பு. அதனால் முதலில் எடுப்பார்கள், விசாரணை பிறகுதான். புகார் கொடுக்க ஒரு படிவம் போதும். பதில் சொல்பவரின் வீட்டு முகவரியோ புகார்க்காரன் கைக்கே போகும். இந்த ஏற்றத்தாழ்வுதான் ஓட்டை.

முதல் வேலை சாட்சியங்களைப் பத்திரப்படுத்துவது. யூடியூப் அனுப்பிய மின்னஞ்சல், வாட்ஸ்அப் உரையாடலை எண் தெரியும்படி எடுத்த ஸ்க்ரீன்ஷாட், எக்ஸ்போர்ட் செய்த உரையாடல் கோப்பு, கேமராவில் இருந்து வந்த வெட்டாத மூலக் கோப்பு எல்லாம் வேண்டும். மெமரி கார்டை ஃபார்மேட் செய்துவிடாதீர்கள்.

அடுத்து, உங்கள் பக்கம் சுத்தமா என்று பாருங்கள். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பதிவு உங்களுடையதுதான், ஆனால் ஆடிப் பாடியவர்களுக்கும் உரிமை உண்டு. இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 38 முதல் நிகழ்த்துகலைஞர் உரிமையைச் சொல்கிறது. புகார் ஜமாவிடமிருந்தே, அதாவது கூத்துக் குழுவிடமிருந்தே வந்திருந்தால் கதை வேறு. ஜமா வாத்தியாரைப் பார்த்துப் பேசி, அவர் புகாரைத் திரும்பப் பெற்றாலே ஸ்ட்ரைக் நீங்கும். இனிமேல் ஒவ்வொரு கூத்துக்கும், ‘பதிவு செய்து யூடியூபில் வெளியிடச் சம்மதம்’ என்று தேதியோடு ஒரு தாளில் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

ஜமா சம்மதம் இருக்கிறது, புகார்க்காரன் யாரோ ஒருவன் என்றால் கவுன்டர் நோட்டிபிகேஷன், அதாவது புகாரை மறுக்கும் மனு போடுங்கள். யூடியூப் ஸ்டூடியோவில் கன்டென்ட் பகுதிக்குப் போய், அந்த வீடியோவுக்கு நேரே உள்ள காப்பிரைட் குறிப்பைத் திறந்தால் வழி கிடைக்கும். சட்டப்படியான முழுப்பெயர், முகவரி, தொலைபேசி எண் கேட்பார்கள். சேனல் பெயரைப் போட்டால் திருப்பி அனுப்புவார்கள். ‘இது என் பதிவு’ என்று மட்டும் எழுதினால் போதாது. எந்த ஊர்த் திருவிழா, எந்தத் தேதி, எந்த ஜமா, எந்தக் கேமரா என்று நாலைந்து வரியில் சொல்லுங்கள். பொய் சொன்னால் தண்டனைக்கு உட்படுவேன் என்ற உறுதிமொழியும் அதில் உண்டு.

நீங்கள் தரும் விவரங்கள் புகார்க்காரனுக்கே போகும். மிரட்டுகிற ஆளிடம் வீட்டு முகவரி போவதில் தயக்கம் இருந்தால் வழக்கறிஞர் மூலம் போடலாம். அந்தச் செலவு வீண் இல்லை. வழக்குத் தொடர்ந்ததற்கான ஆதாரத்தை அவன் காட்ட 10 வேலை நாள் அவகாசம். அமெரிக்க விடுமுறைகளைக் கழித்தால் நம் நாட்காட்டியில் இரண்டு வாரத்துக்குக் குறையாது. காட்டாவிட்டால் வீடியோவும் திரும்பும், ஸ்ட்ரைக்கும் நீங்கும். மிரட்டுகிறவர்களில் நீதிமன்றம் வரை போகிறவர்கள் அபூர்வம்.

கூடவே மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்தில் (cybercrime.gov.in), அல்லது தர்மபுரி மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். பயமுறுத்திப் பணம் கேட்பது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் பிரிவு 308-இல் வரும். ஏற்கெனவே பணம் போய்விட்டதென்றால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள். 2019-இல் இதே தந்திரத்தைச் செய்த அமெரிக்கர் ஒருவர் மீது யூடியூபே வழக்குப் போட்டது. 25,000 டாலர் கொடுத்து, மன்னிப்பும் கேட்டு அவர் சமரசத்துக்கு வந்தார்.

கேள்வி: எருது விடும் விழா வீடியோவுக்குப் போட்டிச் சேனல்காரர்கள் ஐம்பது பேரை வைத்து ரிப்போர்ட் அடித்துவிட்டார்கள். எண்ணிக்கை கூடினால் வீடியோ தானாகப் போய்விடுமா?
– வாசகர், பர்கூர்

பதில்: போகாது. ரிப்போர்ட் ஒன்றானாலும் ஐம்பதானாலும் வீடியோவை விதியோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவு. ஆனால் அந்தப் பார்வையில் உண்மையிலேயே விதிமீறல் அகப்பட்டால் போகும். வாலை முறுக்குவது, மாட்டைக் குத்துவது, அடிபட்ட ஆளின் ரத்தத்தை நெருக்கத்தில் காட்டுவது போன்ற காட்சிகள்தான் ஆபத்து. ‘ரத்தக் களறி’ என்று தம்ப்நெயிலில் போடுகிறீர்களே, அதுவே உங்களுக்கு எதிரான சாட்சி.

ஜல்லிக்கட்டை அனுமதித்த தமிழ்நாட்டின் 2017 சட்டத் திருத்தம் எருது விடும் விழாவுக்கும் பொருந்தும், உச்ச நீதிமன்றமும் 2023-இல் அதை உறுதி செய்தது. என்றாலும் தளத்தின் விதி தனி; சட்டம் அனுமதித்ததாலேயே வீடியோ தப்பாது. முதல் மீறலுக்குப் பெரும்பாலும் எச்சரிக்கை மட்டும். அடுத்து வரும் முதல் விதிமீறல் ஸ்ட்ரைக்கில் ஒரு வாரம் எதுவும் ஏற்ற முடியாது. மேல்முறையீட்டுக்கு வாய்ப்பு ஒரே ஒரு முறை. கோபத்தில் நாலு வரி அடித்து அதை வீணாக்காமல், எத்தனையாவது நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று குறித்து எழுதுங்கள்.

கேள்வி: கோயில் திருவிழா வீடியோவில் மைக்செட் பாட்டுக்கு க்ளைம் வந்திருக்கிறது. ஸ்ட்ரைக்தானா?
– வாசகி, அரூர்

பதில்: இல்லை, அது கன்டென்ட் ஐடி க்ளைம்; வீடியோவில் உள்ள பாட்டை யூடியூபின் கணினியே அடையாளம் கண்டு போடுவது. பெரும்பாலும் விளம்பர வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போகும், அவ்வளவுதான். பாட்டு உண்மையிலேயே அவர்களுடையது என்பதால் தகராறு செய்யாதீர்கள்; ஸ்டூடியோ எடிட்டரிலேயே அந்தப் பகுதியை வெட்டலாம், பாட்டை மட்டும் மௌனமாக்கலாம்.

கேள்வி: என் தையல் கடையைத் திட்டி ஒருவர் வீடியோ போட்டிருக்கிறார். ‘காப்பிரைட் என்று அடி, இரண்டே நாளில் போய்விடும்’ என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகி, ஓசூர்

பதில்: கூடாது. அவர் போனில் அவர் எடுத்ததற்கு உரிமை அவருடையது. பொய்ப் புகார் என்று தெரிந்தால் உங்கள் கணக்கு முடங்கலாம். ஆதாரமில்லாத மிரட்டலுக்குக் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 60-இல் அவர் உங்கள் மீதே வழக்குப் போடலாம். உங்கள் கடைப் படத்தை அவர் எடுத்தாண்டிருந்தாலும், விமர்சனத்துக்கு என்றால் பிரிவு 52 இடம் தருகிறது.

வீடியோவில் என்ன இருக்கிறதோ அதற்கான படிவத்தை எடுங்கள். உங்கள் முகம், செல் எண், வீட்டு முகவரி தெரிந்தால் தனியுரிமைப் புகார். வழக்கமாக வெளியிட்டவருக்கு 48 மணி நேரம் கொடுத்துத் திருத்தச் சொல்வார்கள். மிரட்டலோ சாதிப் பெயரில் வசவோ இருந்தால் துன்புறுத்தல் பிரிவில், நிமிடம் விநாடி குறிப்பிட்டு ரிப்போர்ட் செய்யுங்கள். பலன் இல்லையென்றால் நிறுவனத்தின் இந்தியக் குறைதீர் அலுவலருக்கு எழுதலாம். அவர் முடிவு பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைனில் போகலாம். ‘பிளவுஸ் சரியாகத் தைக்கவில்லை’ என்பது மட்டும்தான் அவர் குறை என்றால் எந்தப் படிவமும் உதவாது. தைத்துக் கொடுத்த தேதியையும், திருத்தித் தரத் தயார் என்பதையும் அந்த வீடியோவின் கீழேயே எழுதுங்கள்.