மறு: உண்ணி கடித்தபின் மகனுக்குக் காய்ச்சல், பரிசோதனை நெகட்டிவ், காத்திருக்கலாமா?

வணக்கம். வட கரோலினாவில் உண்ணி கடித்து ஒரு வாரத்துக்குப் பின் உங்கள் ஆறு வயது மகனுக்கு மூன்று நாட்களாகக் காய்ச்சலும் தலைவலியும் இருப்பதாகவும், இரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்றும் எழுதியிருக்கிறீர்கள். காத்திருக்க வேண்டாம்; இன்றே மருத்துவரிடம் சென்று, உண்ணி கடித்ததை முதலில் சொல்லுங்கள்.

இது உண்ணியால் பரவும் ராக்கி மலைப் புள்ளிக் காய்ச்சலாக இருக்கலாம். பெயரில் ராக்கி மலை இருந்தாலும், அந்நோய் அதிகம் பதிவாகும் அமெரிக்க மாநிலங்களுள் வட கரோலினாவும் ஒன்று. அதை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள், நோய் தொடங்கிய 7 முதல் 10 நாட்கள் வரை இரத்தப் பரிசோதனையில் பெரும்பாலும் தென்படாது என்பதால், இப்போதைய நெகட்டிவ் முடிவை வைத்து அந்நோய் இல்லையென்று சொல்ல முடியாது. மணிக்கட்டிலும் கணுக்காலிலும் தொடங்கும் செம்புள்ளிகளும் பொதுவாகக் காய்ச்சல் வந்து 2 முதல் 4 நாட்கள் கழித்தே தோன்றும். சிலருக்குத் தோன்றுவதே இல்லை.

இந்நோய்க்கான மருந்தாகிய டாக்சிசைக்ளினால் பல்லில் கறை படியும் என்ற உங்கள் அச்சம் பழைய டெட்ராசைக்ளின் மருந்துகளிலிருந்து வந்தது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் இதையே பரிந்துரைக்கிறது. காய்ச்சல் வந்த முதல் 5 நாட்களுக்குள் மருந்தைத் தொடங்குவதே உயிரைக் காக்கும் என்பதால், உங்களுக்கு மீதமிருப்பது இரண்டே நாட்கள். வீட்டிலிருக்கும் அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் இந்தக் கிருமிக்கு வேலை செய்யாது. குழந்தை தடுமாறினாலோ, எழுப்ப முடியாமல் தூங்கினாலோ நேரே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.