காட்டு யானைக்கு கியாரண்டி கார்டு கிடையாது

வழக்கமாக இந்த நுகர்வோர் கேள்வி-பதில் பகுதிக்கு ஃபிரிட்ஜ், ஏசி, செல்போன் புகார்தான் வரும். இந்த முறை வந்ததில் பாதி யானை. ‘ஒரே நாள் யானை டூர்’ என்று புதுச்சேரி, கடலூர் வாட்ஸ்அப் குழுக்களில் போஸ்டர் சுற்றிக்கொண்டிருக்கிறது போலும். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: அதிகாலை 4 மணிக்குப் புதுச்சேரியில் கிளம்பி, முதுமலையில் காட்டு யானை, தெப்பக்காடு முகாமில் மீட்பு யானை இரண்டையும் பார்த்துவிட்டு இரவு 11 மணிக்கு வீடு திரும்பலாமாம். தலைக்கு 1,999 ரூபாய். நம்பலாமா?
— லாஸ்பேட்டை வாசகர்

பதில்: ஒரு பேப்பரும் பேனாவும் எடுங்கள். இங்கிருந்து தெப்பக்காடு 450 கி.மீ.க்கு மேல். சேலம் தாண்டி, மேட்டுப்பாளையம் தாண்டி, மலையேறி ஊட்டி. அங்கிருந்து கல்லட்டி வழியாகக் குறுக்கே இறங்கலாம் என்று டிரைவர் சொன்னால் நம்பாதீர்கள். வெளியூர் வண்டிகளை அந்தப் பாதையில் இறங்க விடுவதில்லை. கூடலூரைச் சுற்றித்தான் போகவேண்டும். சாப்பாடு, டீ, பாத்ரூம் எல்லாம் சேர்த்துப் பத்து மணி நேரத்துக்குக் குறையாது. நாலு மணிக்குக் கிளம்பினால் போய்ச் சேர மதியம் இரண்டு தாண்டிவிடும். முகாமில் யானைகளுக்கு உணவு கொடுப்பதைப் பார்வையாளர்கள் பார்க்கக்கூடிய நேரம் காலை 8.30 வாக்கில் ஒன்று, மாலை 5.30 வாக்கில் ஒன்று. மாலையில் பார்த்துவிட்டுக் கிளம்பினால் மறுநாள் பால்காரர் வரும் நேரத்துக்கு வீடு. அதுவும் மலைப்பாதையில், தூங்காத டிரைவரோடு. போஸ்டர் போட்டவருக்கு இந்தக் கணக்கு தெரியாது என்று நினைக்கிறீர்களா?

நீலகிரிக்குள் வெளி மாவட்ட வண்டி நுழைய 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். ‘பாஸ் எடுத்தாயிற்றா, எந்த வண்டி எண்ணுக்கு?’ என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு கேள்வியிலேயே பாதி ஆட்கள் போனை வைத்துவிடுவார்கள்.

கேள்வி: குழந்தைகளை யானை மேல் ஏற்றிச் சவாரி போக நல்ல இடம் சொல்லுங்களேன்.
— முத்தியால்பேட்டை வாசகி

பதில்: சொல்ல மாட்டேன்.

கேள்வி: எங்கள் மகளிர் குழுவில் ஏழு பேர். ‘மீட்கப்பட்ட யானைக்கு உங்கள் கையாலேயே உணவூட்டலாம்’ என்று விளம்பரம் பார்த்து, தலைக்கு 2,500 வீதம் 17,500 ரூபாயை முழுவதும் முன்கூட்டியே கூகுள் பேயில் அனுப்பினேன். இரவு கிளம்பிய வேன் வழியில் இரண்டு முறை நின்றது. முகாமுக்குப் போனபோது காலை 11 மணி. எல்லாம் முடிந்துவிட்டது. மாலை வரை காத்திருக்க டிரைவர் சம்மதிக்கவில்லை. ரோட்டோரம் நிறுத்தி மான் காட்டினார். பணம் கேட்டால் ‘நோ ரீஃபண்ட் என்று போட்டிருக்கிறதே’ என்கிறார்கள். குழுவில் எனக்குத்தான் தலைகுனிவு.
— மஞ்சக்குப்பம் வாசகி

பதில்: அம்மா, தலைகுனிய வேண்டியவர் நீங்கள் இல்லை. நிதானமாகப் படியுங்கள், உங்கள் பக்கம் பலமாகவே இருக்கிறது.

முதலில் அந்த விளம்பரம். தெப்பக்காட்டில் ராகிக் களி, கொள்ளு, வெல்லம் சேர்த்து உருட்டிக் கொடுப்பது பாகன்களும், காவடிகள் எனப்படும் அவர்களுடைய உதவியாளர்களும். பார்வையாளர் தள்ளி நின்று பார்ப்பதோடு சரி. ஆக, தர முடியாத ஒன்றை விற்றிருக்கிறார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்குத் தவறான விளம்பரம் என்று பெயர். ‘நோ ரீஃபண்ட்’ என்று அச்சடித்துவிட்டால் கடவுளே வந்தாலும் பணம் வராது என்று ஒரு மூடநம்பிக்கை ஊரில் இருக்கிறது. அதே சட்டம், குறைபாடுள்ள சேவைக்குப் பணம் திருப்பித் தர மறுப்பதையும், பில் தராமல் இருப்பதையும் நியாயமற்ற வணிக நடைமுறை என்றே சொல்கிறது.

இனி வேலை. போஸ்டர், வாட்ஸ்அப் பேச்சு, பணம் போன விவரம், வேன் நம்பர் பிளேட் போட்டோ எல்லாவற்றையும் பிரின்ட் எடுங்கள். போனிலிருந்து எதையும் அழிக்காதீர்கள். கிடைத்தது இது, சொன்னது இது, பதினைந்து நாளில் பணம் வேண்டும் என்று தமிழிலேயே ஒரு பக்கம் எழுதி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள், வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். பல பேர் இந்த இடத்திலேயே இறங்கி வந்துவிடுவார்கள். வராவிட்டால் கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். டிராவல்ஸ் ஆபீஸ் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதில்லை. இரண்டு ஆண்டுக்குள் போடவேண்டும். ஏழு பேரும் ஆளுக்கொரு பக்கம் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வேன் நம்பர் பிளேட் வெள்ளையா மஞ்சளா என்றும் பாருங்கள். வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு விட்டிருந்தால் பர்மிட் மீறல். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு ஒரு மனு போகட்டும். வழியில் ஏதாவது நடந்திருந்தால் இன்சூரன்ஸ்காரர் அந்த நம்பர் பிளேட்டைக் காட்டியே கையை விரித்திருப்பார். என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள். அவசியம் எழுதுங்கள்.

கேள்வி: நண்பர் ஃபார்வர்டு செய்த யானை டூருக்கு 5,000 ரூபாய் முன்பணம் அனுப்பினேன். இப்போது போன் ஸ்விட்ச் ஆஃப். டிராவல்ஸ் பெயர் ஞாபகமில்லை. மெசேஜையும் டெலீட் செய்துவிட்டேன்.
— வில்லியனூர் வாசகர்

பதில்: பெயர் தெரியாது, ஊர் தெரியாது, மெசேஜும் இல்லை. ஒரு கிலோ கத்தரிக்காய் வாங்கும்போது இதைவிட அதிகமாகக் கேள்வி கேட்பீர்கள். சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு உடனே போன் செய்து, பணம் போன பரிவர்த்தனை எண்ணைக் கொடுங்கள். அது வங்கிக் கணக்கில் இருக்கும், அதை உங்களால் டெலீட் செய்ய முடியாது. அந்த நண்பரிடமும் கேளுங்கள், அவர் போனில் மெசேஜ் இருக்கும்.

கேள்வி: மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி போனபின் எங்கள் பேத்திக்கு யானையைக் காட்ட இடமே இல்லை. திருச்சி பக்கம் மீட்பு யானைகள் இருக்கின்றனவாம். ஒரே நாளில் போய் வரலாமா? ஒருவர் 800 ரூபாய்க்கு ‘என்ட்ரி டிக்கெட்’ தருகிறேன் என்கிறார்.
— முதலியார்பேட்டை தாத்தா

பதில்: 2022 நவம்பர் 30ஆம் தேதி காலையில் நடைப்பயிற்சிக்குப் போன லட்சுமி ரோட்டிலேயே சரிந்து விழுந்ததும், அன்றைக்கு ஊரே அழுததும் நமக்கெல்லாம் ஞாபகம் இருக்கிறது ஐயா. பேத்திக்குக் காட்டவேண்டும் என்ற ஆசை புரிகிறது.

நீங்கள் சொல்வது எம்.ஆர்.பாளையம். திருச்சி மாவட்டத்தில் வனத்துறை நடத்தும் யானைகள் மறுவாழ்வு மையம். தூரத்தைப் பார்த்தால் காலையில் போய் மாலையில் திரும்பலாம்தான். நம் ஊருக்கும் அதற்கும் ஒரு தொடர்பு உண்டு. காஞ்சி மடத்தின் யானைகள் சந்தியா, இந்து, ஜெயந்தி மூன்றும் மரக்காணம் பக்கம் குரும்பரத்தில் ஒரு தனியார் காப்பகத்தில் இருந்து, பிறகு அங்கேதான் போய்ச் சேர்ந்தன. கோயிலிலும் தனியாரிடமும் சங்கிலியில் நின்று கால் தேய்ந்தவை, வயதானவை ஓய்வெடுக்கும் இடம் அது. காட்சி நடத்தும் இடம் இல்லை. ஆகவே திருச்சி வனக்கோட்ட அலுவலகத்தை நேரடியாகக் கேளுங்கள். அனுமதி உண்டென்றால் போங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். 800 ரூபாய் ஆளிடம் வனத்துறை கொடுத்த அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதோடு அவர் காணாமல் போவார்.

பேத்திக்காக ஒரு இரவு வெளியே தங்கத் தயார் என்றால் பொள்ளாச்சி போங்கள். இரவுப் பேருந்தில் கோவை, அங்கிருந்து பொள்ளாச்சி, சேத்துமடை வழியாக டாப்சிலிப். ஆனைமலை புலிகள் காப்பகத்தின் கோழிகமுத்தி முகாமுக்கு டாப்சிலிப்பிலிருந்து வனத்துறை வண்டியில்தான் கூட்டிப்போவார்கள். காட்டில் பிடித்து வந்து பழக்கப்படுத்திய கும்கிகளும் அங்கே உண்டு. இடைத்தரகர் தேவையில்லை.

கேள்வி: மசினகுடியில் ‘நைட் சஃபாரி, யானை கியாரண்டி, பார்க்காவிட்டால் பாதிப் பணம் வாபஸ்’ என்று ஜீப்காரர் சொன்னார். ஐந்து பேர் 6,000 ரூபாய் கொடுத்தோம். இரண்டு மணி நேரம் சுற்றியும் முயல்தான் தெரிந்தது. பாதிப் பணம் தர மறுக்கிறார். வழக்குப் போடலாமா?
— நெல்லிக்குப்பம் இளைஞர்

பதில்: தம்பி, போடலாம். ‘இருட்டிய பிறகு அனுமதியில்லாமல் காட்டோரம் ஜீப்பில் லைட் அடித்துக்கொண்டு யானை தேடினோம், யானை கிடைக்கவில்லை, ஆகவே இழப்பீடு வேண்டும்’ என்று மனுவில் நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். முடியுமா?

முதுமலையில் சஃபாரி என்றால் வனத்துறை வண்டி, காலை, மாலை, ஆன்லைனில் பதிவு. இரவு ஜீப் என்று ஒன்று சட்டத்தில் இல்லை. பிடிபட்டால் அபராதம், வண்டி பறிமுதல். அதில் உட்கார்ந்திருப்பவருக்கும் தலைவலி.

இந்த ‘கியாரண்டி’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு ரத்தம் கொதிக்கும். மிக்ஸிக்குக் கொடுக்கட்டும், கேட்டு வாங்கலாம். 2023 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் காடுகளில் 2,961 யானைகள். அவற்றில் ஒன்றாவது அந்த ஜீப்காரரிடம் நேரம் ஒப்புக்கொண்டிருக்கிறதா? ஒரு நாளில் பெரும்பகுதியை நடப்பதிலும் மேய்வதிலும் கழிக்கிற மிருகம், தண்ணீர் எங்கே, தழை எங்கே என்று பார்த்துப் போகும். நீங்கள் விலைக்கு வாங்கக்கூடியது வண்டியில் ஒரு சீட், ஒழுங்கான டிரைவர், சாப்பாடு. யானை அந்தப் பில்லில் வராது. வந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

கியாரண்டி கொடுத்தவர் அதை எப்படி நிறைவேற்றுவார் என்று யோசித்தீர்களா? பாதிப் பணம் போய்விடுமே என்ற பயத்தில் ஹார்ன் அடிப்பார், லைட்டைக் கண்ணில் அடிப்பார், குட்டியோடு நிற்கும் கூட்டத்துக்கு மிக அருகில் வண்டியைக் கொண்டுபோவார். சில விடுதிகளில் உப்பையும் எச்சில் சாப்பாட்டையும் போட்டு வரவழைக்கிறார்கள். அப்படிப் பழகிய யானை ஒருநாள் கூப்பிடாமலே வரும்; அப்போது விரட்டுவார்கள். 2021 ஜனவரியில் மசினகுடியில் நடந்தது இதுதான். விடுதிப் பக்கம் வந்த ஆண் யானை மேல் எரியும் டயரை வீசினார்கள். காது கருகிக் காயத்தோடு திரிந்து, சிகிச்சைக்கு முகாமுக்குக் கொண்டுபோகும் வழியில் செத்தது. அதற்கு முந்தைய அக்டோபரில்தான், அந்தப் பகுதியின் சீகூர் யானை வழித்தடத்தில் இருக்கும் விடுதிகளை மூடவேண்டும் என்ற தமிழக அரசின் நிலைப்பாடு சரி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. நீங்கள் கொடுத்த 6,000 ரூபாய் இந்த வியாபாரத்துக்குப் போட்ட எண்ணெய். பாதி வராவிட்டால் என்ன, மீதியும் போனதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சொல்ல எனக்கும் யோக்கியதை குறைவு. ‘காட்டைப் பார்த்த அறை’ என்று அந்தப் பக்கம் ஒரு விடுதியில் கூடுதல் வாடகை கொடுத்து எடுத்தேன். ஜன்னலைத் திறந்தால் சின்டெக்ஸ் டேங்க்.

கேள்வி: முகாம் வழியில் ஒருவர் விற்ற யானை முடி மோதிரம், 600 ரூபாய். அசலா போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— பண்ருட்டி வாசகர்

பதில்: போலி என்றால் 600 ரூபாய் நஷ்டம். அசல் என்றால் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். யானை முதல் அட்டவணையில் இருக்கிறது, மூன்றிலிருந்து ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. போலியாக இருக்கட்டும் என்று அதே யானைமுகனை வேண்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: யானை பார்க்கப் போகிறோம். பைனாகுலர் எது வாங்கலாம்? சண்டே மார்க்கெட்டில் ‘100 மடங்கு’ காட்டும் ஒன்று 900 ரூபாய்க்கு இருக்கிறது.
— நெல்லித்தோப்பு வாசகர்

பதில்: அதே 100 மடங்கு சாமானை நானும் ஒரு காலத்தில் காந்தி வீதி சந்தையில் வாங்கினேன். நிலா இரண்டாகத் தெரிந்தது. கையில் பிடித்துப் பார்க்கிற பைனாகுலரில் பத்து மடங்குக்கு மேல் போனாலே படம் ஆடும். 8x42 என்று போட்டதை வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும். முன் கண்ணாடி 42 மி.மீ. அகலம் என்பதால் விடியற்காலை, பொழுது சாயும் நேரத்தில்கூட வெளிச்சமாகத் தெரியும். யானை அந்த நேரத்தில்தான் வெளியே வரும். கடை வாசலில் நின்று எதிர்ச்சாரி போர்டைப் படித்துப் பாருங்கள், ஓரத்து எழுத்துக்கூட மங்கக் கூடாது. படிக்க விடாத கடையில் வாங்காதீர்கள். பில் வாங்குங்கள்.