காலை மாத்திரை: மெசேஜை 8 மணிக்கு வைக்காதீங்க

வணக்கம் சார். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போறீங்க, 8 மணிக்கு மனைவி மெசேஜ் அனுப்பியும் ஏடிஎச்டி (கவனம் சிதறுற குறைபாடு) மாத்திரை விட்டுப்போகுதுன்னு எழுதியிருந்தீங்க. 8 மணிக்கு நீங்க பாபநாசம் பக்கம் இருப்பீங்க, மாத்திரை வீட்டு அலமாரியில் இருக்கும். மெசேஜ் வரும்போது அது கைக்கெட்டுற தூரத்தில் இருக்கணும். 6.30க்குக் காபின்னா 6.25க்கு மெசேஜ், மாத்திரை டப்பா டபரா பக்கத்திலேயே.

கூகுள் மெசேஜஸில் அனுப்புற பொத்தானை அழுத்திப் பிடிச்சா நேரம் குறிக்கலாம். அது ஒரு தடவைதான் போகும், தினமும் தானா வராது. அதனால ஞாயித்துக்கிழமையே 7 நாளுக்கும் போட்டு வைக்கச் சொல்லுங்க. வாசகம் தினம் ஒண்ணு மாறட்டும். ஒரே வரின்னா நாலே நாளில் கண்ணு அதைத் தாண்டிப் போயிடும்.

"போட்டாச்சு"ன்னு பதில், முழுங்கின பிறகுதான். முன்னாடியே அனுப்பினா மனசு வேலை முடிஞ்சதா நினைச்சுக்கும், இதுலதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. சந்தேகமா இருந்தா 7 அறை டப்பாவைப் பாருங்க. அன்னிக்கு அறை காலின்னா போட்டாச்சு.

உங்க மாத்திரை நாள் முழுக்க வேலை செய்யுற மெத்தில்ஃபெனிடேட்ங்கிற ஏடிஎச்டி மருந்துன்னா, மதியத்துக்கு மேல ஞாபகம் வந்தா அன்னிக்கு விட்டுடுங்க, ராத்திரி தூக்கம் கெடும். மறுநாள் ரெண்டா சேர்த்துப் போடவே கூடாது. வேற மருந்துன்னா டாக்டர்கிட்ட இப்பவே கேட்டு வைங்க.

7 மாத்திரை மீதி இருக்கும்போதே டாக்டர் சீட்டு வாங்கச் சொல்லி இன்னொரு மெசேஜ் வைங்க. இந்த மருந்து எல்லா மருந்துக்கடையிலும் இருப்பு இருக்காது.