பெடல் சுற்றியது யார்?

அன்புள்ள அக்காவுக்கு,

நான் பரந்தனில் இருக்கிறேன். என் அப்பப்பா முள்ளியவளைப் பக்கத்தில் கோவலன் கூத்துப் பாடியவர். 1997, 98 காலத்தில் அவர் வீட்டில் பாடிப் பதிந்த கசற்றுகள் சில கனடாவில் பெரியப்பாவிடம் இருந்தன. போன ஆவணியில் வந்தபோது கொண்டுவந்து தந்தார். கிளிநொச்சியில் ஒரு பழைய கசற் செற் தேடி வாங்கிப் போட்டுக் கேட்டேன். அப்பப்பாவின் குரல் பள்ளிக்கூடப் பையனுடையதைப் போல இருக்கிறது. பாட்டும் அவசரமாக ஓடுகிறது. சில இடத்தில் திடீரென்று குரல் சரியாக வந்து, கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ஏறிவிடுகிறது. பின்னால் ஒரு ரீங்காரம் வேறு. கடையில் வாங்கிய பாட்டுக் கசற்றுகள் இதே செற்றில் சரியாகத்தான் பாடுகின்றன. அப்பம்மா கொஞ்சம் கேட்டுவிட்டு, "இது அந்த மனுசன்ர குரல் இல்லை" என்று எழும்பிப் போய்விட்டா. அந்தக் காலத்து ஆக்களுக்கு ஒலிப்பதிவு தெரியாததால் கெடுத்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். இதைச் சரிசெய்ய எந்த மென்பொருள் நல்லது? இரைச்சலை முழுதாக எடுத்துவிடலாமா? கேட்பதற்குப் புளூடூத் ஸ்பீக்கர் வாங்குவதா, பழைய அம்பிளிபயர் ஒன்று வாங்குவதா?

வாசகன்,
பரந்தன்.

அன்புள்ள தம்பி,

எந்த ஸ்பீக்கர் வாங்கலாம் என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. அதைச் சொல்ல யூடியூபில் ஆயிரம் கெட்டிக்காரர் இருக்கிறார்கள். ஆனால் குரல் "திடீரென்று சரியாக வந்து, கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ஏறிவிடுகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. கனகாலமாக எழுத நினைத்துத் தள்ளிக்கொண்டு வந்த ஒன்றை அது கிளப்பிவிட்டது.

அதற்கு முதல் ஒரு வேலை செய்யுங்கள். கசற்றில் நாடா தெரியும் பக்கத்துக்கு எதிர்ப்பக்க விளிம்பில், இரண்டு மூலையிலும் சின்னப் பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். இன்னும் உடைக்காமல் இருந்தால் இரண்டையும் உடைத்துவிடுங்கள். அதன்பிறகு ரெக்கோட் பட்டனை யார் அமத்தினாலும் அது இறங்காது. 2009இல் போரோடு இங்கே எங்கள் எல்லோர் வீட்டுக் கசற்றுகளும் போய்விட்டன. உங்களுடையவை கனடாவில் இருந்ததால் மிஞ்சியிருக்கின்றன. ஒரு விரல் தவறி அப்பப்பாவுக்கு மேலே எஃப்.எம். விளம்பரம் பதிந்துவிட்டால் பிறகு என்னிடம் அழுது கடிதம் எழுதக்கூடாது.

சரி, இப்போது குரலுக்கு வருவோம்.

கசற் நாடா வினாடிக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓட வேண்டும். உலகம் முழுக்க அதுதான் கணக்கு. பதியும்போது மோட்டார் மெதுவாக ஓடினால் அதே பாட்டு குறைந்த நீள நாடாவுக்குள் அடங்கிவிடும். பிறகு அதைச் சரியான வேகத்தில் ஓடும் செற்றில் போட்டால் பாட்டு விரைவாக முடியும், குரலும் மேலே ஏறும். மோட்டார் நூற்றுக்கு ஆறு பங்கு தளர்ந்திருந்தாலே போதும், சுருதி ஏறத்தாழ அரைக்கட்டை ஏறிவிடும். இன்னும் தளர்ந்தால் கிழவர் பையனாகிவிடுவார். ஆக, உங்கள் செற்றில் பிழை இல்லை. கடைக் கசற்றைப் போட்டுப் பார்த்து அதை நீங்களே உறுதிசெய்திருக்கிறீர்கள். அதற்கு ஒரு சபாஷ். முக்கால்வாசிப் பேர் அதைச் செய்யாமலேயே செற்றைக் கழற்றத் தொடங்கிவிடுவார்கள்.

மோட்டார் ஏன் தளர்ந்தது? நீங்கள் சொல்கிற காலத்தில் வன்னியில் கறண்ட் இல்லை. பொருளாதாரத் தடை. டோர்ச்சுக்குப் போடுகிற பற்றரிகூடத் தடைசெய்த சாமான். செத்த பற்றரியை வெயிலில் காயவைப்பதும், ஆணியால் துளைத்து உப்புத்தண்ணி விடுவதும் அப்போது எல்லா வீட்டிலும் நடந்த வைத்தியங்கள். அப்படி உயிர்கொடுத்த பற்றரியில் பதிந்திருந்தால், குரல் தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப்போக ஏறிக்கொண்டே போகும். நடுவில் திரும்பிச் சரியாக வராது. சாகிற பற்றரி பாட்டின் நடுவில் எழும்பி உட்காராது.

உங்கள் கசற்றில் திரும்பிச் சரியாக வருகிறது. ஒருமுறை அல்ல, பல இடத்தில். பின்னால் ரீங்காரமும் இருக்கிறது என்கிறீர்கள்.

தம்பி, அது சைக்கிள் டைனமோ.

சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தினால் பின்சில்லு நிலத்தில் முட்டாது. பக்கத்தில் குந்தியிருந்து கையால் பெடலைச் சுற்ற வேண்டும். டைனமோவின் தலை ரயரில் உரசிச் சுழலும். 6 வோல்ற், 3 வாற். அது முன்லைற்றுக்கு என்று செய்த சாமான், அதிலிருந்து வருவது மாறுமின்னோட்டம். நாலு டயோட்டும் ஒரு கப்பாசிற்றரும் போட்டு அதை நேராக்கி, பெரிய பற்றரி நாலு போடுகிற இடத்துக்குக் கொடுப்பார்கள். முழுதாக நேராகாத மிச்சம்தான் நீங்கள் கேட்கிற அந்த உய்ங்காரம். ரேப் ரெக்கோடருக்குள் வேகத்தைப் பிடித்துவைக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. சுற்றுகிறவர் ஒரே சீராகச் சுற்றும்வரை அது தாக்குப்பிடிக்கும். கை ஓய்ந்து மின்னழுத்தம் ஓரளவுக்குக் கீழே போனால் அதுவும் கைவிட்டுவிடும். அங்கேதான் அப்பப்பாவின் குரல் ஏறுகிறது. பிறகு ஏன் திடீரென்று சரியாகிறது? ஆள் மாறியிருக்கிறது. இல்லாவிட்டால் அதே ஆள் கை மாற்றியிருக்கிறார்.

அந்தக் காலத்து ஆக்களுக்கு ஒலிப்பதிவு தெரியாதாம். வாசித்ததும் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. மின்சாரம் இல்லாத ஊரில், பற்றரி இல்லாத காலத்தில், நாலு டயோட்டைக் கண்டுபிடித்து ஒரு சைக்கிளில் கூத்தைப் பதிந்தவர்களுக்குத் தெரியாது. கையில் போனை வைத்துக்கொண்டு அதில் ஒருநாளாவது அப்பம்மாவைப் பாடச்சொல்லிப் பதியாத உங்களுக்குத் தெரியும். நல்ல கதை!

நான் இதில் இவ்வளவு சூடாவதற்குக் காரணம் இருக்கிறது. நானும் பெடல் சுற்றிய பிள்ளை.

எங்கள் வீடு மல்லாவிப் பக்கம். 1996இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்த பிறகு எங்கள் வளவுக்குள்ளும் இரண்டு குடும்பங்கள் கொட்டில் போட்டிருந்தன. இரவு பிபிசி வானொலியின் தமிழோசை 9.15க்கு. அரசாங்கம் மணிக்கூட்டை முன்னே தள்ளியிருந்தாலும் எங்களுக்கு அதே பழைய நேரம்தான். 1997 மே மாதம் ஜெயசிக்குறு என்ற இராணுவ நடவடிக்கை தொடங்கியபிறகு அந்த அரை மணித்தியாலம் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஓமந்தை தாண்டியாச்சோ, புளியங்குளத்தில் நிற்கினமோ, மூட்டை கட்டுவதோ விடுவதோ எல்லாம் அதைக் கேட்டுத்தான். ஆம்பிளைகள் விறாந்தையில் ரேடியோவைச் சுற்றி இருப்பார்கள். சைக்கிளை முற்றத்தில் தள்ளி நிறுத்தி வயர் இழுத்திருந்தார்கள், சங்கிலிச் சத்தம் செய்தியைக் கெடுக்குமாம். சைக்கிளோடு முற்றத்தில் நான்.

பெடல் சுற்றுகிறவளுக்குச் செய்தி கேட்காது. இதை ஒருவரும் யோசிப்பதில்லை. காதுக்குப் பக்கத்தில் சங்கிலியும் சில்லும் டைனமோவும் கத்திக்கொண்டிருக்கும்போது, விறாந்தையிலிருந்து வரும் லண்டன் குரல் வெறும் முணுமுணுப்புத்தான். ஒரு கை பெடலில், மற்றக் கை சீற்றில். நுளம்பு வந்து முழங்காலில் குந்தும். அடிக்கக் கை இல்லை. அந்தக் காலத்து மலேரியாவை நினைத்தால் இப்போது பயமாக இருக்கிறது, அப்போது எரிச்சல் மட்டும்தான். "புளியங்..." என்று வரும்போது என் கை கொஞ்சம் ஓய்ந்தால் ரேடியோ மங்கிவிடும். உடனே உள்ளேயிருந்து நாலு குரல் ஒன்றாகப் பாயும்: "சுத்தடி பிள்ளை!"

சிற்றலை தானாகவே ஏறி இறங்கும் என்பது எனக்குப் பிற்காலத்தில்தான் தெரியும். தூரத்திலிருந்து வருகிற அலை வானத்தில் உயரே இருக்கும் மின்னேற்றப் படலத்தில் பட்டுத்தான் எங்களிடம் வருகிறது. அந்தப் படலம் ஒரே மாதிரி நிற்காது, அதனால் ஒலி பெருகும், வற்றும். ரேடியோவுக்குப் பழுது இல்லை, பெடலுக்கும் பழுது இல்லை. ஆனால் வானம் செய்த குற்றத்துக்கும் ஏச்சு வாங்கியவள் முற்றத்தில் இருந்தவள்தான். ஏசினவர்களில் ஒருவராவது எழும்பி வந்து, "கொஞ்சநேரம் நீ போய்க் கேள், நான் சுத்துறன்" என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. அம்மா சொல்லியிருக்கிறா. அவவுக்கும் செய்தி கேட்காமல் போனதுதான் மிச்சம்.

2002இல் ஏ9 பாதை திறந்தது, பற்றரி வந்தது, டைனமோ திரும்பவும் லைற்றுக்குப் போனது. அத்தோடு எல்லோரும் மறந்துவிட்டார்கள். 2017 ஏப்ரல் 30ஆம் திகதியோடு தமிழோசை சிற்றலையில் நின்றபோது எங்கள் ஆக்கள் எவ்வளவு உருகி எழுதினார்கள்! அறிவிப்பாளர்களின் உச்சரிப்பு, அந்தக் கம்பீரம், விறாந்தையில் கூடியிருந்த சனம், சைக்கிள் டைனமோவில் கேட்டது எல்லாம் எழுதினார்கள். "டைனமோவில் கேட்டோம்" என்றுதான் எழுதினார்கள். டைனமோ தானாகச் சுழன்றதா? யார் சுற்றினார்கள் என்று நான் வாசித்த ஒரு கட்டுரையிலும் இல்லை. அக்காவா, தங்கச்சியா, பக்கத்துக் கொட்டில் பிள்ளையா? அந்த மூளைசாலித்தனத்துக்கு வன்னி மக்கள் என்று பொதுவாகப் பெருமை எடுத்துக்கொள்வோம். நாரி நொந்தவளின் பெயர் மட்டும் வராது.

இப்போது உங்கள் கசற்றுக்கு வாருங்கள். பாடியவர் அப்பப்பா. சுற்றியிருந்து கேட்டவர்கள், பிற்பாட்டுப் பாடியவர்கள், தாளம் போட்டவர்கள் இருந்திருப்பார்கள். பாட்டுக்குள் சங்கிலிச் சத்தம் விழாமல் இருக்கச் சைக்கிள் தூரத்தில், இருட்டுக்குள் நின்றிருக்கும். அங்கே யார் இருந்தது? அப்பம்மாவிடம் கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். "இது அந்த மனுசன்ர குரல் இல்லை" என்று அவ சொன்னது முழுக்கச் சரி. அது அவருடைய குரலுக்கு மேலே அரைக்கட்டையோ ஒருகட்டையோ ஏறிய ஒன்று. அவ்வளவு நுணுக்கமான காது உள்ள மனுசியை எழும்பிப் போகவிட்டுவிட்டு எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள்.

அந்தக் காதுதான் உங்களுக்கு வேண்டிய கருவி. கறண்ட் உள்ள ஊரில் பதிந்த கசற்றாக இருந்தால் பின்னணியில் 50 ஹேர்ட்ஸ் முனகல் ஒன்று விழுந்திருக்கும், அதை அளவுகோலாக வைத்தே சரியான வேகத்தைப் பிடித்துவிடலாம். எங்கள் கசற்றுகளில் அதற்கு வழியில்லை. பாட்டில் ஹார்மோனியம் கேட்டால், அதே பெட்டி இன்னும் எங்காவது இருந்தால் அதை வைத்தும் பார்க்கலாம், இருக்காது. ஆகவே அப்பம்மாவைப் பக்கத்தில் இருத்துங்கள். ஒடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம், அது போதும். அதில் சுருதியை மட்டும் மாற்றுகிற வேலை வேண்டாம். பாட்டும் சேர்ந்துதான் ஓடியிருக்கிறது, அதனால் வேகத்தையே குறைக்க வேண்டும். நூற்றுக்கு மூன்று, ஐந்து, ஏழு என்று குறைத்துப் போட்டுக்காட்டுங்கள். அவ தலையை ஆட்டுகிற இடத்தில் நிறுத்துங்கள். முழுக் கசற்றுக்கும் ஒரே அளவு சரிவராது, கை ஓய்ந்த இடங்களைத் துண்டு துண்டாகச் செய்ய வேண்டியிருக்கும். நாலைந்து பின்னேரம் போகும், போகட்டும்.

கொம்பியூட்டருக்கு ஏற்றுமுன் செற்றில் நாடா உரசுகிற தலையை ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சால் துடையுங்கள். தலைக்குப் பக்கத்தில் சின்னத் திருகாணி ஒன்று இருக்கும். பாட்டை ஓடவிட்டு, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, தாளத்தின் சத்தம் எந்த இடத்தில் ஆகத் துலக்கமாக வருகிறதோ அங்கே விடுங்கள். கால் சுற்றுக்கு மேல் போகாதீர்கள். மங்கல் பிரச்சினை பெரும்பாலும் அதிலேயே குறைந்துவிடும். இரைச்சலை முழுதாக எடுக்க வேண்டாம். எடுத்தால் குரல் தண்ணிக்குள் இருந்து வருவதுபோல் ஆகிவிடும்.

ஆனால் தொடாத பிரதி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். வேகம் மாறி, உய்ங்காரத்தோடு, அப்படியே. அதன் பெயரில் அப்பப்பாவை மட்டும் போடாதீர்கள். யார் சுற்றினார்கள் என்று தெரிந்தால் அந்தப் பெயரையும் போடுங்கள், அல்லது போடவில்லை என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

ஸ்பீக்கர் கேட்டிருந்தீர்கள், மறந்தேபோனேன். எதையாவது வாங்குங்கள். கூத்துக்கு அதிரும் பெட்டி தேவையில்லை, குரலும் மத்தளமும் தெளிவாகக் கேட்டால் போதும். கடைக்காரர் தன்னுடைய பாட்டைப் போட்டு மேசையை அதிரவைத்துத்தான் விற்கப்பார்ப்பார். அதைக் கேட்டு மயங்காமல், திருத்திய பாட்டைப் போனில் கொண்டுபோய் அதைப் போடச் சொல்லுங்கள். அப்பம்மாவையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அவ எழும்பிப் போகாத பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள்.

அன்புடன்,
அக்கா